காற்று திரும்பும் நேரம்

மே மாதம் வந்துவிட்டால் மாலைச் செய்தியில் ஒரு எண் தவறாமல் வரும். நுங்கம்பாக்கத்தில் இத்தனை டிகிரி, மீனம்பாக்கத்தில் இத்தனை டிகிரி. 40-ஐத் தாண்டினால் அன்றைக்கு அதுதான் தலைப்புச் செய்தி. 37-ல் நின்றுவிட்டால் வெயில் சற்றுத் தணிந்தது என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அந்த 37 டிகிரி நாளைத் திருவொற்றியூரில் ஷீட் போட்ட வீட்டுக்குள் கழித்த ஒருவருக்கு வெயில் தணிந்ததாகவே தோன்றியிருக்காது. அவர் மிகைப்படுத்தவில்லை. வானிலைத் துறை சொன்ன எண்ணும் சரியானதுதான். நாளுக்கு ஒரு எண் என்ற கணக்குதான் வடசென்னைக்குப் பொருந்தவில்லை. இங்கே கோடை மணிக்கு மணி மாறுகிறது. அதை மாற்றுவது காற்று.

நுங்கம்பாக்கம் ஆய்வகம் 1792-லிருந்து அங்கே இருக்கிறது. கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே. அங்கிருந்து திருவொற்றியூர் சுமார் 12 கிலோமீட்டர், எண்ணூர் 19 கிலோமீட்டர் வடகிழக்கே. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நீளும் இந்தப் பட்டைக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர, ரசாயன ஆலைகளும். வடக்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும். தெற்கே சென்னைத் துறைமுகம். ஆக, எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் எதையாவது சுமந்துகொண்டுதான் வரும். ஈரம், அல்லது அனல், அல்லது புகை, அல்லது வாயு.

முதலில் கடல்காற்று. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 ஜூல் வேண்டும். காய்ந்த மண்ணுக்கு 0.8 ஜூல் போதும். போதாததற்கு, கடலில் விழும் வெயில் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் பரவிவிடுகிறது. தார்ச்சாலையில் விழும் வெயில் மேல்பரப்பிலேயே தங்குகிறது. எனவே மே மாத நண்பகலில் தரை கொதிக்கும்போதும் வங்கக்கடலின் மேற்பரப்பு 30 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. தரைமேல் இருக்கும் காற்று சூடாகி மேலே எழ, அந்த இடத்தின் அழுத்தம் சற்றுக் குறைய, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. இந்த அழுத்த வேறுபாடு ஓரிரு ஹெக்டாபாஸ்கல்தான். அந்தச் சிறு வேறுபாடே சென்னையின் பிற்பகலைக் காப்பாற்றுகிறது. காற்று திரும்பிய சில நிமிடங்களில் வெப்பநிலை மூன்று நான்கு டிகிரி இறங்கிவிடும்.

அது எப்போது திரும்பும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல நாளில் முற்பகல் முடியும் முன்பே வந்துவிடும். மே கடைசியிலும் ஜூனிலும் தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மேற்குப் பக்கம் வலுக்கும்போது, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை உதிர்த்துவிட்டு, அதைத் தாண்டி, வறண்டு, சூடேறி, சமவெளி முழுக்கக் கடந்து மேல்காற்றாக இங்கே வந்து சேர்கிறது. அது வலுவாக அடித்தால் கடல்காற்று கரைக்கு வெளியிலேயே நிறுத்தப்படும். ஒரு மணி, இரண்டு மணி, சில நாட்களில் மூன்று மணி தாண்டியும் வராது. நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்சமான 45 டிகிரி, 2003 மே 31 அன்று வந்தது, இப்படி மேல்காற்று ஆட்சி செய்யும் பருவத்தில்தான். காசிமேட்டில் நிழலில் உட்கார்ந்து வலை பழுது பார்ப்பவர்களிடம் கேட்டால், காலை எட்டு மணிக்குக் கொடித்துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதை வைத்தே அன்றைய பகல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். வானிலைத் துறையினர் பார்ப்பதும் இதையேதான், வேறு கருவிகளால்.

அந்தக் கருவிகளில் ஒன்று இராயபுரத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் டாப்ளர் ரேடார் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. புயலைப் பார்க்க வைத்தது. மழையே இல்லாத கோடைப் பிற்பகலிலும் அதன் திரையில் கரைக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு தோன்றி மெதுவாக மேற்கே நகரும். அதுதான் கடல்காற்றின் முன்விளிம்பு. இரண்டு காற்றும் முட்டும் இடத்தில் தூசியும் பூச்சிகளும் மேலே அள்ளப்படுகின்றன. ரேடார் கதிர் அவற்றில் பட்டுத் திரும்புகிறது. கோடு அம்பத்தூரைத் தாண்டி, திருவள்ளூரையும் தாண்டிப் போகும். போதிய ஈரம் இருந்தால் ஜூன் மாத மாலைகளில் அந்த விளிம்பிலேயே இடிமேகம் கட்டும். மேற்குப் புறநகர்களில் மழை கொட்டும்போது எண்ணூரில் தரை காய்ந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல்காற்று வந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? இங்கேதான் ஒரு சிக்கல். அது வெப்பத்தைக் குறைக்கிறது. கூடவே ஈரத்தைக் கொண்டுவருகிறது.

மனிதத் தோலின் வெப்பநிலை வெயில் காலத்தில் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடானால் உடம்பால் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்க முடியாது, வாங்கத்தான் முடியும். மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். மிகத் திறமையான ஏற்பாடு. ஆனால் வியர்ப்பதால் மட்டும் குளிர்ச்சி வராது. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டித் தரையில் விழும் வியர்வை உடம்பின் நீரையும் உப்பையும் வீணாக்குகிறது, அவ்வளவுதான்.

ஆவியாக முடியுமா முடியாதா என்பதை அளக்க ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஒன்று உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால், நீர் ஆவியாகி எவ்வளவு தூரம் குளிர முடியுமோ அதுவரை இறங்கி நிற்கும். அந்தக் காற்றில் ஒரு உடம்பு அடையக்கூடிய குளிர்ச்சியின் எல்லையும் அதுவே. இப்போது கணக்குப் பாருங்கள். வேலூரில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24. எண்ணூரில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அது 29-ஐத் தாண்டிவிடும். செய்தியில் வேலூருக்கு முதலிடம் கிடைக்கும். உழைக்கிற உடம்புக்கு எண்ணூர்தான் கடினம்.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் ஆரோக்கியமான மனிதர்கூட நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது என்று 2010-ல் ஸ்டீவன் ஷெர்வுட், மேத்யூ ஹியூபர் என்ற இரு அறிவியலாளர்கள் கணித்துச் சொன்னார்கள். பிறகு 2022-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களையே அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, வீட்டு வேலை அளவுக்கு அசைந்தாலே ஈரமான சூழலில் 30, 31 டிகிரியிலேயே உடம்பின் உள்வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கியது. அவர்கள் இளைஞர்கள், நல்ல உடல்நலம் உள்ளவர்கள். கன்டெய்னர் யார்டில் சங்கிலி கட்டுபவருக்கும், அறுபது வயதில் கூடை தூக்கும் மீன்காரம்மாவுக்கும் எல்லை இன்னும் கீழேதான் இருக்கும்.

நம் வெப்ப அலை இலக்கணத்தில் இந்த ஈரத்துக்கு இடமில்லை. கடலோர நிலையத்தில் வெப்பநிலை 37 டிகிரியாவது இருக்க வேண்டும், அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது வெப்ப அலை. சென்னையில் மே மாத இயல்பே 37-ஐ ஒட்டி இருப்பதால் 41-ஐத் தாண்டினால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். கடல்காற்று வீசும் கரையோரத்தில் அப்படிப்பட்ட நாள் அரிது. உடம்பைச் சாய்க்கும் நாளோ ஏராளம். 2023 முதல் இந்திய வானிலைத் துறை ஈரத்தையும் சேர்த்து வெப்பச் சுட்டெண் என்று ஒன்றைச் சோதனை முறையில் வெளியிடுகிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் வகுத்தது. நல்ல முடிவு. ஆனால் வடசென்னையில் ஒருவர் 36 டிகிரி நாளில் சுருண்டு விழுந்தால் அது வெப்பத்தால் நேர்ந்தது என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். வெப்பச் சுட்டெண்ணும் ஈரக்குமிழும் எச்சரிக்கையின் இலக்கணத்துக்குள் வர வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

காற்றோட்டம் இருந்தால் ஈரத்தையும் ஓரளவு சமாளிக்கலாம். தோலை ஒட்டி நிற்கும் ஈரப்படலத்தை வீசும் காற்று கலைத்துவிடும், வியர்வை ஆவியாகும். கடற்கரையில் நின்றால் சுகமாக இருப்பது அதனால். அதே நேரத்தில் நாலு தெரு உள்ளே போனால் புழுக்கம் தாங்காது. நெருங்கிய சந்துகள், கிடங்குச் சுவர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்கள் எல்லாம் வேகத்தைத் தடுத்துவிடுகின்றன. ஈரம் மட்டும் உள்ளே வந்துவிடுகிறது, காற்று வருவதில்லை. எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் வண்டியின் கேபினில் இதன் கடைசி எல்லையைப் பார்க்கலாம். கீழே எஞ்சின், மேலே தகரம், முன்னால் கண்ணாடி வழியே வெயில், பின்னால் இன்னொரு வண்டியின் புகை.

காசிமேட்டுக்குக் கோடை தனிப்பருவம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் இழுவலை போடாமல் இருப்பதற்கான தடை. ஃபைபர் படகில் போகிறவர்களுக்குத் தடையில்லை. நகரத்தில் மீன் விலை ஏறுவது மட்டும்தான் வெளியே தெரியும். துறைமுகத்துக்குள் என்ன நடக்கிறது என்றால், ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்ட பராமரிப்பெல்லாம் கோடையின் உச்சத்தில் வந்து விழுகிறது. எஞ்சின் இறக்குவது, பலகை மாற்றுவது, இரும்பைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, வெல்டிங். கடலில் இருந்தால் காற்றாவது இருக்கும். கத்திரி வெயிலில், கான்கிரீட் தளத்தில், படகின் வயிற்றுக்குள் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது. மீன்வளத்துக்கு இந்தத் தடை அவசியம்தான். அதனால் தரைக்கு வந்துவிடும் உழைப்பாளிகளுக்கு நிழற்பந்தலும் குடிநீரும் கொடுப்பதும் அதே அளவுக்கு அவசியம்.

இரவுக்கு வருவோம். பகலின் உச்சத்தைவிட இரவின் குறைந்தபட்ச வெப்பம்தான் உயிருக்கு அதிகம் முக்கியம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம், பகலில் ஏறிய சூட்டை உடம்பு தூக்கத்தில்தான் இறக்கி வைக்கிறது. இங்கே ஒரே சந்தில் இரண்டு விதமான வீடுகள் உண்டு. ஷீட் போட்ட வீட்டில் கூரை மெல்லியது. வெயில் ஏறியதும் 50 டிகிரியைத் தாண்டிச் சூடாகி, உச்சந்தலைக்கு நேரே அனலை இறக்குகிறது. பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடுகிறது. கான்கிரீட் மாடி வீட்டில் நேர்மாறு. நாலைந்து அங்குலத் தளம் வெயிலை மெதுவாகக் குடித்து, பல மணி நேரம் கழித்து, வீட்டார் படுக்கப் போகும் வேளையில் உள்ளே விடுகிறது. முதல் வீட்டுக்காரருக்குப் பகல் போகிறது, அடுத்த வீட்டுக்காரருக்கு இரவு போகிறது. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். இரண்டு வகைக் கூரைக்கும் இது பயன்படும். செலவு குறைந்த வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஏப்ரலுக்குள் அடித்துவிட வேண்டும்.

முன்பெல்லாம் இந்தக் கரையோரக் குப்பங்களில் கோடை இரவுக்கு மணல்தான் படுக்கை. காய்ந்த மணல் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்தாது. பகலில் காலைச் சுட்டாலும், இரவில் அதன் மேற்பரப்பு வேகமாகக் குளிர்ந்துவிடும். அந்த மணல் இன்று பெரும்பாலும் இல்லை. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கான அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் எழத் தொடங்கின. இந்தக் கரையை ஒட்டி அலைகள் ஆண்டுதோறும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. வீடுகளும் தெருக்களும் போயின. கடலைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். சாலை காப்பாற்றப்பட்டது, ஆனால் மணலுக்குப் பதில் வந்த அந்தப் பாறைகள் பகல் சூட்டை நள்ளிரவு தாண்டியும் வைத்திருக்கின்றன. தென்சென்னை மாலையில் உலாவும் மணலில் ஒரு பகுதி வடசென்னைக்கு வந்திருக்க வேண்டியது என்பதை இந்த நகரம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நள்ளிரவுக்குப் பிறகு காற்று மறுபடி திரும்புகிறது. தரை கடலைவிடக் குளிர்ந்துவிட்டதால் இப்போது மேற்கிலிருந்து கிழக்கே, மிக மெதுவாக, கரைக்காற்று. மணலிக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இதுதான் நாற்றம் வரும் நேரம். திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கம் இரவு ஒரு மணிக்கும் விடிகாலைக்கும் இடையில் எரிவாயு கசிந்ததுபோல, அழுகிய முட்டைபோல, சில நாள் பெட்ரோல்போல நெடி அடிக்கிறது என்று மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பகலில் வந்து பார்க்கும் அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது. இதில் மர்மம் எதுவும் இல்லை. பகலில் சூடான தரை காற்றைக் கீழிருந்து மேலாகக் கிளறி ஆயிரம் மீட்டர் உயரம்வரை கலந்துவிடுகிறது. ஆலையில் கசிவது அதில் நீர்த்துப்போகிறது. இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்று குளிர, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறது. கசிவு அதே அளவாக இருந்தாலும் அது பரவக் கிடைக்கும் உயரம் நூறு மீட்டரோ அதற்கும் குறைவோதான். அடர்த்தி பல மடங்கு ஏறிவிடும்.

நாற்றத்தைப் பற்றி ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடை நம் மூக்கு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். எனவே நாற்றம் அடிக்கிறது என்பதற்காகவே உடனே உயிருக்கு ஆபத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் அதே வாயு மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றமே தெரியாது. கடுமையான நெடி திடீரென்று நின்றுபோனால் ஆபத்து நீங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. வாயு வரும் திசைக்கு எதிரேயும் போகக்கூடாது, காற்று போகிற பக்கமே ஓடினால் அது துரத்திக்கொண்டு வரும். காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலக வேண்டும். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அம்மோனியா நீரில் எளிதாகக் கரைவதால் ஈரத்துணி உண்மையிலேயே உதவும். இந்த நாலு வரி ஒவ்வொரு குப்பத்திலும் சுவரில் எழுதப்பட வேண்டும்.

பகலில் புகைபோக்கிகளின் முறை. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரப் புகைபோக்கி வேண்டும் என்பது இங்குள்ள நிலையங்கள் கட்டப்பட்டபோது இருந்த விதி. வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. வடசென்னை அனல் மின் நிலையத்தின் இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. அவ்வளவு உயரத்தில் விட்டால் புகை தலைக்கு மேலே போய்விடும் என்பது நம்பிக்கை. கடலோரத்தில் அது பாதி உண்மைதான். கடலிலிருந்து வரும் காற்று கீழே குளிர்ந்தும் மேலே வெப்பமாகவும் அடுக்கடுக்காக வருகிறது; அதில் கலப்பு கிடையாது. புகை ஒரு நாடாபோல, பிரியாமல், உயரத்திலேயே போகும். புகைபோக்கிக்கு அடியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் காற்று சூடான தரைமேல் போகப் போக, கீழிருந்து ஒரு கொந்தளிப்பு அடுக்கு வளர்கிறது. கரையில் சில பத்து மீட்டராக இருக்கும் அதன் உயரம், சில கிலோமீட்டர் உள்ளே சில நூறு மீட்டராகிவிடும். அது புகை நாடாவைத் தொட்ட இடத்தில் மொத்தப் புகையும் கீழே இழுக்கப்பட்டுத் தரையில் இறங்கும். அன்றைய காற்றைப் பொறுத்து மீஞ்சூர் பக்கமோ, மணலி புதுநகர் பக்கமோ. இது ஓரிரு மணி நேரம் நீடிக்கும்; காற்று சற்றுத் திரும்பினால் அடுத்த ஊருக்கு.

இன்னொன்றும் நடக்கிறது. இரவில் கரைக்காற்று கடல்மேல் கொண்டுபோய் விட்ட அழுக்குக் காற்றில் ஒரு பகுதியை, மறுநாள் கடல்காற்று திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. கடலிலிருந்து வருவதெல்லாம் சுத்தக் காற்று என்று இங்கே சொல்ல முடியாது.

இப்போது சராசரிக் கணக்குக்கு வருகிறேன். நம் நாட்டு விதிப்படி கந்தக டை ஆக்ஸைடின் 24 மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு தெருவில் இரண்டு மணி நேரம் 400 இருந்தது, மீதி 22 மணி நேரம் 30 இருந்தது என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சராசரி 61. ஏட்டில் அன்று காற்று நன்றாக இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் மூச்சிரைப்பு வந்து நெபுலைசர் வைக்கப்பட்ட குழந்தைக்கு அந்த ஏட்டில் இடமில்லை. காற்று வழிநடத்தும் ஒரு பகுதியை 24 மணி நேரச் சராசரியால் அளந்தால், மறைக்கும் எண்ணம் யாருக்கும் இல்லாவிட்டாலும் உண்மை மறைந்துவிடும்.

ஜன்னல் திட்டில் படியும் கரியைக்கூட ஒரே பெயரில் அழைத்துவிட முடியாது. ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். உடைந்த கண்ணாடித் துண்டுபோல் கூர்முனைகளோடு கறுப்பாக இருந்தால் எரியாத நிலக்கரித் தூசி. உருண்டை உருண்டையாக, வழவழவென்று, சில கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக் கிடந்தால் அது உலைச் சாம்பல். கொதிகலனில் உருகிய சிலிக்காவும் அலுமினாவும் காற்றில் மிதந்தபடியே உறைந்தவை. ஒரு காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்தினால் அதில் இரும்பு கலந்த சில உருண்டைகள் கூடவே நகரும். உள்நாட்டு நிலக்கரியில் எடையில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல்தான். அது குழாய் வழியே கூழாகச் செப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்குப் போகிறது. வழியில் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்தது பழைய கதை. கோடையில் குளத்தின் மேற்பரப்பு காய்ந்துவிட, மேல்காற்று அதை அள்ளிக்கொண்டு கிளம்பும்.

நிலக்கரித் தூசிக்கும் இங்கே ஒரு இடப்பெயர்ச்சி வரலாறு உண்டு. ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்டன. இராயபுரத்தில் துவைத்த துணி கறுத்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைக் கையாளக்கூடாது என்று உத்தரவிட்டது. சரக்கு எண்ணூருக்குப் போனது. இராயபுரம் மூச்சுவிட்டது. எண்ணூர் அதை வாங்கிக்கொண்டது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, 70-க்கு மேல் போனால் மிக மோசம் என்ற அளவுகோலில் மணலி 76.32 பெற்றிருந்தது. கந்தக டை ஆக்ஸைடைக் கட்டுப்படுத்த அனல் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் வரம்பு வகுத்தார்கள். கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 இறுதிவரை கெடு நீள்கிறது. சென்னை மாநகராட்சியின் எல்லை எண்ணூர்வரை வந்துவிட்டது. எந்தப் பட்டியலில் எது வருகிறது என்று கேட்க இங்குள்ளவர்களுக்கு முழு உரிமை உண்டு.

அதற்கிடையில் நாமே செய்யக்கூடியவை இரண்டு. முதலில், வெயிலில் யாராவது உளற ஆரம்பித்தால், நிற்க முடியாமல் தள்ளாடினால், வியர்வை இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். உடல் உழைப்பால் வரும் வெப்பத் தாக்குதலில் வியர்வை நிற்காமலும் இருக்கும். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அடுத்து, நாற்றத்துக்கும் புகைக்கும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, என்ன வாசனை, எவ்வளவு நேரம். இரண்டு வெவ்வேறு தெருக்களில் ஒரே இரவில் எழுதியிருந்தால், இரண்டிலிருந்தும் காற்று வந்த திசையில் வரைபடத்தில் கோடு போடலாம். கோடுகள் சந்திக்கும் இடத்துக்கு அருகேதான் மூலம் இருக்கும். நேரமும் திசையும் இல்லாத புகாரை யாரும் எளிதில் தட்டிக்கழித்துவிடலாம். அவை இருக்கும் புகாரைத் தட்டிக்கழிக்க எதிர்ச் சான்று காட்ட வேண்டும். மணலியிலும் இராயபுரத்திலும் கொடுங்கையூரிலும் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கின்றன, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் அந்த எண்கள் யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. உங்கள் நோட்டையும் அந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் வார்டு உறுப்பினரிடம் இந்த ஜூன் முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.